வன்னி ஊர்ப்பெயர்களும் அவற்றின் ஒலியும்

வன்னிப் பெருநிலத்தின் ஊர்ப்பெயர்களை வரிசையாக உரத்துச் சொல்லிப் பார்த்தால், முதலிற் காதில் விழுவது நீரின் பெயர்களே. மாங்குளம், புளியங்குளம், செட்டிகுளம், பாவற்குளம், வவுனிக்குளம் எனக் குளங்கள் நிரையாக வரும். அவற்றைத் தொடர்ந்து இரணைமடு, முத்தையன்கட்டு, நெடுங்கேணி, தண்ணீரூற்று, முள்ளிவாய்க்கால், நாயாறு என மடுவும் கட்டும் கேணியும் ஊற்றும் வாய்க்காலும் ஆறும் வரும். ஆண்டிற் சில திங்களே மழை காணும் அந்நிலத்தில், அணை உயர்த்தி மழைநீரைத் தேக்கிய குடியானவன் தான் தேக்கிய நீருக்கே பெயரிட்டான்; ஊர் அந்நீரின் பெயரைத் தாங்கிற்று. சிறு நீர்நிலையை ‘மோட்டை’ என்றான். அணை உடைந்து கிடந்ததை ‘முறிப்பு’ என்றான். அருகில் நின்ற மரத்தையும் அவன் மறக்கவில்லை. கிளிநொச்சியில் நொச்சி நிற்கிறது, மாங்குளத்தில் மா நிற்கிறது. இன்று பெருநகராய் விளங்கும் வவுனியாவின் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரசாங்கப் பத்திரங்களில் ‘வவுனியா விளாங்குளம்’ என நீண்டு கிடந்தது. பின்னர் வாலறுந்து முற்பகுதி மட்டும் எஞ்சிற்று. விளாமரமும் போயிற்று, குளமும் போயிற்று.

இத்துணைத் தெளிவான தமிழ்ப் பெயர்களைச் சொல்லுவதில் இடர் என்ன இருக்க முடியும் என்று வினவலாம். ஆங்கிலத்திலாவது எழுத்து ஒன்று, ஒலி வேறு. ‘வூஸ்டர்’ என்றும் ‘லெஸ்டர்’ என்றும் சொல்லப்படும் இங்கிலாந்து நகரங்களின் எழுத்தைப் பார்த்தவர் எவரும் அவ்வொலியை ஊகித்துவிட முடியாது. பி.பி.சி. நிலையம் 1926ஆம் ஆண்டிலேயே பேச்சு ஆங்கிலத்துக்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்து, பின்னர் ஊர்ப்பெயர்களின் உச்சரிப்பைக் கூறும் நூலையும் வெளியிட்டதற்குக் காரணம் இதுவே. தமிழோ எழுதியவாறு வாசிக்கப்படும் மொழி அன்றோ?

வன்னியின் பெயர்கள் தமிழில் எழுதித் தமிழில் வாசிக்கப்பட்டிருந்தால் அவ்வாறே ஆகியிருக்கும். ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயர்கள் கந்தோரின் வழியாகவே உலகுக்குச் சென்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என வந்த எழுதுவினைஞர் தத்தம் காதுக்கு எட்டியதைத் தத்தம் எழுத்திற் பதிந்தனர். பின்பு அவ்வெழுத்தைப் பார்த்து மற்றொருவர் வாசித்தார். அவர் வாசித்ததைக் கேட்டு வேறொருவர் தமிழில் எழுதினார். ஊரார் வாயிலிருந்து புறப்பட்ட பெயர், ஊருக்குத் திரும்பும்போது ஊராராலேயே அறியப்படாத உருவத்தோடு வந்து நின்றது. செய்தியறிக்கை ஆங்கிலத்தில் வந்து, தமிழாக்குவோன் மேசையில் நிமிடக் கணக்கிற் தமிழாகி, ஒலிபெருக்கியின் முன் வாசிக்கப்படும் வேளையிலும் இந்த வட்டமே சுழல்கிறது.

இவ்வட்டத்தின் பழைய சுற்றொன்றை 1681ஆம் ஆண்டில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிற் காணலாம். கண்டி அரசில் ஏறக்குறையப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து, 1679இல் காட்டு வழியாக அரிப்புக்குத் தப்பிச் சென்றவர் அவர். வழியில் எதிர்ப்பட்ட நாட்டின் தலைவன் பெயரை அவர் ‘கொயிலத் வன்னியா’ என்று ஒலிக்கும்படி எழுதியுள்ளார். அறிஞர் அப்பெயரில் கயிலை வன்னியனைக் கண்டுகொண்டனர். நொக்ஸ் சிங்களம் நன்கறிந்தவர், தமிழ் அறியார். தமிழ்ப் பெயர் ஒன்றைச் சிங்களச் சூழலிற் பழகிய செவியாற் கேட்டு ஆங்கில எழுத்தில் வடித்தபோது, கயிலை மலை கோயிலைப் போல ஒலிக்கலாயிற்று.

ஒல்லாந்தர் எழுதியவை இதனினும் சுவையானவை. யாழ்ப்பாணத்தில் கொமாண்டராக இருந்த ஹென்றிக் ஸ்வார்டக்குறூன் 1697இல் எழுதிவைத்த நினைவுக் குறிப்பில் வன்னியின் பற்றுகளும் அவற்றை ஆண்ட வன்னியரின் பெயர்களும் வருகின்றன. பனங்காமம் அங்கே ‘பன்னெகாமோ’ ஆகிறது. கருநாவல்பற்று ‘கர்னமேல்பத்து’ ஆகிறது. நல்லமாப்பாணன் ‘நெல்லமாப்பானே’ ஆகிறான். தமிழின் குற்றியலுகரமும் மகர ஈறும் ஒல்லாந்தர் செவிக்குப் பிடிபடவில்லை. மொழி நடுவில் வரும் அகரத்தை அவர்கள் பெரும்பாலும் எகரமாகவே கேட்டனர். கருநாவல்பற்றிலிருந்து நாவல் மரம் உதிர்ந்துபோன பின், எஞ்சிய ‘கர்னமேல்’ என்பதைக் கண்ட எவரும் அதில் கர்ணனைத் தேடலாம், மேற்றிசையைத் தேடலாம், நாவலைத் தேடமாட்டார்.

ஒல்லாந்த எழுத்தில் மற்றொரு பொறியும் உண்டு. ஆங்கிலத்தில் ஓ, ஈ எனப்படும் இரண்டு எழுத்துகள் அம்மொழியில் அடுத்தடுத்து வந்தால் உகர ஒலி பிறக்கும். முல்லைத்தீவை அவர்கள் எழுதியபோது இவ்விரட்டை எழுத்து பெயரின் முதலிலும் ஈற்றிலும் வந்தது. அவர்கள் அதனைச் சரியாகவே வாசித்திருப்பர். பின்னர் வந்த ஆங்கிலேயர் எழுத்தைப் படியெடுத்தனரே தவிர ஒலியைக் கேட்டு வாங்கவில்லை; ஆகவே ஆங்கிலேயரின் ஆரம்பகால நூல்களில் முல்லைத்தீவு ‘மொலெட்டிவோ’ எனக் காட்சி தருகிறது. முல்லைக் கொடிக்கு அங்கே இடமில்லை.

ஊர்ப்பெயர் சிதைந்தாலும் ஊர் அங்கேயே இருக்கும், கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆட்பெயர் சிதைந்தால் திருத்துவதற்கு ஆளில்லை. 1782இல் ஒல்லாந்தர் வன்னியை வென்ற வரலாற்றை எழுதிய ஐரோப்பியர், அவர்களை எதிர்த்த வன்னிச்சி ஒருத்தியைக் குறிப்பிடுகின்றனர். தோல்வியின் பின் கொழும்புக் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டவள் அவள். அவர்கள் நூல்களில் அவள் பெயர் ‘மரியா செம்பத்தே’. மரியா என்பது ஞானஸ்நானப் பெயர் என்பது வெளிப்படை. செம்பத்தே என்பது சம்பத்தியா, செம்பாத்தியா, வேறொன்றா என்பதை அந்த எழுத்துகள் காட்டிக்கொடா. ஒரு பெருநிலத்தின் இறுதிக்காலத் தலைவியரில் ஒருத்தி, தன் தாய் அழைத்த பெயரால் இன்று அழைக்கப்பட முடியாதவளாய் நிற்கிறாள்.

பண்டாரவன்னியனின் பெயர் இந்த வகையில் பேறு பெற்றது. 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய அவனை, அவ்வாண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் வொன் டிறிபேர்க் என்னும் படைத்தலைவன் தோற்கடித்தான். அதனைக் குறித்து ஆங்கிலத்தில் நாட்டப்பட்ட கல்லில் பண்டாரவன்னியனின் பெயர் பெரிதும் சிதையாமல் வெட்டப்பட்டது. வென்றவனின் பெயரையோ வன்னி மக்கள் இன்றுவரை பத்து விதமாகச் சொல்லுகின்றனர். நாவின் பழிவாங்கல் ஒரு பக்கத்தில் மட்டும் நிகழ்வதன்று.

அக்கல் நின்ற ஊரின் பெயரும் கவனிக்கத்தக்கது. கற்சிலைமடு என்று எழுதுவர். கச்சிலைமடு என்று பேசுவர். ஆங்கிலத்தில் எழுதும்போதோ றகர மெய்க்கு ‘ரி’ என்னும் எழுத்தை இட்டு, ‘கட்சிலைமடு’ என்று வாசிக்கத்தக்கதாய் ஆக்கிவிட்டனர். தமிழறியாத ஒருவரின் பிழையென்று இதனைத் தள்ளிவிடலாகாது. இதை எழுதியவர் தமிழை நன்கு அறிந்த எழுதுவினைஞரே. இலங்கைத் தமிழர் நாவில் றகர இரட்டை, ஆங்கிலத்தின் ‘ரி’ ஒலிக்கு மிகவும் அணுக்கமானது. ஆங்கிலச் சொற்களின் அவ்வொலியை ஈழத்தவர் றகரத்தாலும் ரகரத்தாலும் எழுதும் வழக்கமும் இதிலிருந்தே பிறந்தது. ஆகவே பாவற்குளத்தையும் ஈரற்பெரியகுளத்தையும் வற்றாப்பளையையும் எழுதியபோது அவர் ‘ரி’ எழுத்தைப் பயன்படுத்தினார். அப்படியாயின் டகர இரட்டைக்கு என்ன செய்வது? அதற்கு ‘டி’ எழுத்தை இரட்டித்தார். ஒட்டுசுட்டான் என்னும் பெயரில் இரட்டை ‘டி’ இருமுறை வருவதன் இரகசியம் இதுவே. தமிழகத்தில் கோட்டையையும் பட்டியையும் இரட்டை ‘ரி’யால் எழுதுவோர் இதனைக் கண்டு நகைப்பர்; ஆனால் ட, ற என்னும் ஈரொலிகளை வேறுபடுத்திக் காட்டுவதில் ஈழத்து எழுதுவினைஞரின் முறையே கூர்மையானது.

முறை கூர்மையானதுதான், அதன் திறவுகோல் அவரோடேயே போய்விட்டது. திறவுகோல் இல்லாதவர் ஒட்டுசுட்டானை ‘ஒடுசுடன்’ என்கிறார். தான்தோன்றீசுவரர் கோயில் கொண்டுள்ள அவ்வூருக்குக் கூறப்படும் ஐதிகம், அரிவு வெட்டிய தாளுக்கு, அதாவது ஒட்டுக்கு, குடியானவன் தீயிட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்பதாகும். ஒட்டைச் சுட்டான் என்னும் கதை முழுவதும் இரண்டு டகர இரட்டைகளின் மேல் நிற்கிறது. அவை நெகிழ்ந்தாற் கதையும் நெகிழ்ந்துவிடும்.

வற்றாப்பளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வைகாசிப் பொங்கலும் உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கமும் கொண்ட அக்கண்ணகை அம்மன் தலத்தைப் பற்றி வழங்கும் மரபு, மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து தங்கிய இடங்களுள் இது பத்தாவது என்பது. பத்தாம் பளை பத்தாப்பளையாகி, அது வற்றாப்பளையாயிற்று என்பர். சொல்லாராய்ச்சியாளர் இதனை ஏற்பாரா என்பது வேறு விடயம். பகரம் வகரமாவதும் தகர இரட்டை றகர இரட்டையாவதும் ஒருங்கே நிகழ்ந்தன எனக் கொள்வது சற்றுத் தாராளமான கொள்கையே. எனினும் ‘வற்றாத’ என்னும் சொல்லும் ‘பத்து’ என்னும் எண்ணும் அடியாரின் மனத்தில் ஒருசேர ஒலிக்கும் பெயர் அது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பி வரும்போது அது ‘வட்டப்பளை’ ஆகிறது. வற்றாமையும் இல்லை, பத்தும் இல்லை. ஒரு வட்டம் மட்டுமே மிஞ்சுகிறது.

நிருவாகப் பிரிவைக் குறிக்கும் ‘பற்று’ என்னும் சொல்லுக்கும் இதே கதி. வன்னி முழுவதற்கும் பழைய பெயர் அடங்காப்பற்று. ஆங்கிலத்தில் எழுதிய பற்றைத் திரும்பத் தமிழாக்குவோன் முன் பற்று, பத்து, பட்டு, பாட்டு என நான்கு சொற்கள் வரிசையாக நிற்கும். இவற்றுள்ளும் தலைமை வகிப்பது முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரப் பிரிவு. ஆங்கிலேயர் காலத்தவர் கடல்சார்ந்தது என்னும் பொருளுடைய ‘மரிடைம்’ என்னும் தம் சொல்லோடு நம் பற்றை ஒட்டி ஒரு பெயரை ஆக்கினர். அரைவாசி ஆங்கிலமும் அரைவாசித் தமிழுமான அப்பெயர் ஆங்கிலப் பத்திரங்களில் ஒரே சொல்லாய் எழுதப்பட்டதால், முழுவதும் தமிழ் என மயங்கி ‘மரித்திமேபட்டு’ என்று வாசித்தவரும் உளர். தமிழில் அதற்குக் கரைதுறைப்பற்று என்னும் அழகிய பெயர் இருக்கிறது.

ளகரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தில் குளமும் குலமும் ஒன்றே. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்நாட்டின் பெருங்குளங்களைப் பற்றி எழுதிய எமேசன் தெனன்ற், சிங்களத்திற் பதவியா எனப்படும் குளத்தைத் தமிழர் வழங்கிய பதவில்குளம் என்னும் பெயராலேயே குறித்தார்; ஆனால் அவர் எழுத்தில் குளம் ‘கொலம்’ ஆயிற்று. சிங்கள நெடுங்கணக்கில் ல, ள இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. பேச்சில் அவை ஒன்றாகிவிட்டன. ஆதலாற் கிளிநொச்சியிலுள்ள கிளி, சிங்களரது நாவில் இயல்பாகவே ‘கிலி’ ஆகிறது. ஈற்றில் ஒரு யகரமும் சேர்ந்து ‘கிலிநொச்சிய’ என முடிகிறது. வவுனியா ‘வவுனியாவ’ ஆவதும் அம்மொழியின் இயல்பே. இதிற் பகை காண்பது பேதைமை. தமிழர் தாமும் அநுராதபுரத்தை அனுராதபுரம் என மகர ஈறு சேர்த்தே வழங்குகின்றனர்.

ஆனால் ஐகாரம் தேய்வதாற் பெரும் பொருட்கேடு வருவதுண்டு. இரணை என்றால் இரட்டை. இரணைமடு இரு மடுக்கள் சேர்ந்த இடம். பூநகரிக் கடலிலுள்ள இரணைதீவு இரண்டு தீவுகள். ஆங்கிலத்தார் ஐகாரத்தை விட்டு அகரமாக எழுதியதால் இரணைமடு ‘இரணமடு’ ஆயிற்று. அதையே பார்த்துத் தமிழிலும் அவ்வாறு எழுதுவோர் உளர். தமிழில் இரணம் என்பது புண். சிங்களத்திலோ ‘இரணம’ என்பது விதி. இரட்டை நீர்நிலை ஒரு மொழியிற் புண்ணாகவும் மற்றொரு மொழியில் விதியாகவும் ஒலிக்கும்படி ஓரெழுத்து செய்துவிட்டது.

பூநகரியும் இத்தகையதே. ஆங்கிலப் படங்களில் அது ‘பூனரின்’. நடுவிலிருந்த ககரம் எங்கே? உயிர்களுக்கிடையே வரும் ககரத்தைத் தமிழர் மென்மையாய், ஏறக்குறைய ஹகரம்போல ஒலிப்பர். அந்நியர் காது அதனை நழுவவிட்டிருக்க வேண்டும். நெடுங்கேணியின் ஏகார நீட்சியைக் காட்ட ஆங்கிலேயர் ஒரு ரகரத்தை நடுவிற் செருகினர். தம் நாட்டு வழக்கில் அந்த ரகரம் ஒலியாது, உயிரை நீட்டும் என்பது அவர்கள் எண்ணம் போலும். இலங்கையர் அதனை ஒலித்து ‘நெடுங்கேர்ணி’ ஆக்கினர்.

இவ்வளவும் கூறிவிட்டுத் தமிழர் செய்யும் மயக்கங்களை மறைத்தல் நேர்மையாகாது. ஏ-9 நெடுஞ்சாலையில் செல்லும் ஊர்தி எதுவும் நின்று தேங்காய் உடையாமற் போகாத பிள்ளையார் தலத்தை முறிகண்டி என்பாரும், முறுகண்டி என்பாரும், முருகண்டி என்பாரும் உளர். மூன்றாவது வகையினர் தமையன் இருக்கும் கோயிலில் தம்பியைக் குடியேற்றிவிடுகின்றனர். பளையா பழையா என்னும் வழக்கு, ஈழத்தவர் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்துபோனதன் விளைவு. வற்றாப்பளைக்கும் தெல்லிப்பளைக்கும் இரண்டு எழுத்துமுறைகளும் அச்சில் வருகின்றன. வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் பெருநூல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஊர்ப்பெயர்களிற் காட்டிய கவனத்தில் ஒரு பங்கையாவது, அவருக்குப் பின் வந்த தமிழ் அலுவலர் பலர் காட்டினாரல்லர்.

உச்சரிப்பு மாறுவது ஒன்று. பெயரே மாற்றப்படுவது வேறொன்று. ஆனையிறவு என்று தமிழரும், அலிமங்கட என்று சிங்களரும், எலிபன்ற் பாஸ் என்று ஆங்கிலேயரும் ஒரே இடத்தை அவரவர் மொழியில் அழைத்து வந்தனர். யானைகள் கடலேரியைக் கடந்த வழி என்னும் நினைவு மூன்றிலும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றை வெளியேற்றவில்லை. மணலாறு 1988இல் அரசாங்க அறிவித்தலால் வெலிஓயா ஆனது அத்தகையதன்று. வெலி என்பது மணலே, ஓயா என்பது ஆறே, பொருள் மாறவில்லை. ஆயினும் கந்தோர்ப் பத்திரத்தில் ஒன்று நுழைந்தபோது மற்றொன்று வெளியேறிற்று. அவ்விடத்தை விட்டுச் சென்ற குடிகளிடம் பழைய பெயர் தங்கிற்று.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் இவ்வூர்ப்பெயர்கள் உலகெங்கும் ஒலித்தன. வன்னி மக்கள் நூறாயிரக் கணக்கில் ஊர் ஊராகப் பெயர்ந்து கிழக்குக் கரையை நோக்கித் தள்ளப்பட்ட காலம் அது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த உறவினர், தமிழறியாத செய்தியாளர் வாயிலிருந்து வரும் ஒலியைப் பிடித்து, தம்மவர் எங்கே நிற்கின்றனர் என அறிய முயன்றனர். ஒன்பது எழுத்துள்ள புதுக்குடியிருப்பை அச்செய்தியாளர் மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருக்கி ‘பி.ரி.கே.’ என்றனர். முள்ளியவளை, முள்ளிவாய்க்கால் என்னும் இரண்டும் தொடக்கத்தில் ஒன்றாய் ஒலிப்பவை. ஒன்று முல்லைத்தீவுக்கு மேற்கே உள்நிலத்தில் இருப்பது. மற்றையது கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடல். ஈற்றுச் சொல்லைச் சரியாக உச்சரியாத ஒரு செய்தியிற் தாயொருத்தியின் இருப்பிடமே மாறிவிடும். மே மாதத்தில் போர் முடிந்தபின், செட்டிகுளத்து முகாம்களில் மக்கள் பதியப்பட்டபோது ஊரும் பேரும் மறுபடி எழுத்துமாறின. முழுக் குடும்பப்பெயர் என ஒன்று இல்லாமல் தந்தையின் பெயரையே முன்னிறுத்தும் தமிழ் வழக்கம், படிவங்களின் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துமுறையும் காணி உறுதியில் மற்றொன்றும் இருப்பின், இரண்டும் ஓர் ஊரே, ஓர் ஆளே என மெய்ப்பிக்கும் சுமை ஊர் திரும்பியவர் தலையிலேயே விழுந்தது.

1990இலிருந்து வவுனியாவோடு நின்றுபோன வடபகுதி இரயில், 2013 செப்ரெம்பரில் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. 2014 மார்ச்சில் பளையை அடைந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சென்றது. நிலையங்கள் புதியனவாய்க் கட்டப்பட்டன. பலகைகள் மூன்று மொழியிலும் எழுதப்பட்டன. பளைக்கு ஆங்கிலத்தில் ஒற்றை ளகரத்துக்காக முன்னாளில் இடப்பட்ட இரட்டை ‘எல்’ அப்படியே தொடர்ந்தது. அவ்வரியை மட்டும் படிக்கும் பயணிக்கு அது இன்றும் ‘பல்லை’.